பத்து ஆறுக்கு எடுத்த ரத்தம்

“இனிமே குத்த மாட்டீங்களே?”

“மாட்டேம்மா. இதோட சரி.”

குழந்தையின் தாயிடம் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் அவள் படியிறங்கினாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் சேர்ப்பது அவள் வேலை. ஒன்பது வருஷப் பழக்கம். ஆனால் எட்டு மாதக் குழந்தையின் பொம்மென்ற கையில் நரம்பு எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? நாலாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. அதற்குள் குழந்தை அழுது அழுது, வாய் திறந்திருந்தும் சத்தம் வராமல் போயிற்று. தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

குழாயின்மேல் நேரம் எழுதியிருந்தாள்: பத்து ஆறு. ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்கவேண்டிய ரத்தம். ஒரு நிமிஷம் தாண்டினாலும் வாங்க மாட்டார்கள். மறுபடி அந்த வீடு, அந்தக் கை, அந்த ஊசி.

அதனால்தான் பெட்டியை வழக்கம்போலப் பின்னால் கட்டவில்லை. தெரு முழுக்கத் தண்ணீர்க் குழாய் போடத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பின்னால் வைத்தால் குலுங்கும். பெட்டியின் வாரைக் கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றித் தொங்கவிட்டுக்கொண்டு மின்சார சைக்கிளைக் கிளப்பினாள்.

இரண்டு தெரு நன்றாகத்தான் போயிற்று. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அதோடு மோட்டார் நின்றது.

கணவனுக்குப் போன் போட்டாள். அவன் அச்சகத்தில் இருந்தான். பின்னால் இயந்திரம் தடதடத்தது.

“என்னங்க, வண்டி நின்னுடுச்சு.”

“சார்ஜ் போட்டியா?”

“போட்டேன். மூணு கோடு காட்டுது.”

“பேட்டரியைக் கழட்டி மாட்டு.”

“கழட்டி மாட்டியாச்சு.”

“பின் சக்கரத்துக்கிட்ட ஒயர் ஒண்ணு சொருகியிருக்கும் பாரு. அழுத்திவிடு.”

“அழுத்திட்டேங்க. எனக்கு நேரமாகுது.”

“கத்தாதே. ஸ்டாண்டு போட்டு முறுக்கிப் பாரு.”

ஸ்டாண்டு போடும்போது பெட்டி இடிக்கக் கூடாதென்று அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். முறுக்கினாள். சக்கரம் விர்ரென்று சுற்றியது.

“சுத்துதுங்க!”

“அப்புறம் என்ன? ஏறிப் போ.”

பெட்டியை மறுபடி கைப்பிடியில் சுற்றி மாட்டி, ஏறி உட்கார்ந்து முறுக்கினாள். ஒன்றுமில்லை. இறங்கினாள், பெட்டியை எடுத்தாள், ஸ்டாண்டு போட்டாள். சுற்றியது. மாட்டி ஏறினாள். நின்றது.

“ஏறி உக்காந்தா நின்னுடுதுங்க.”

“நீ ஏறினா மட்டும் நிக்குதுன்னா, கோளாறு வண்டியிலயா இருக்கு?”

“இப்ப இது ரொம்ப அவசியம்!”

“சரி சரி. வாடகை வண்டி கூப்பிடு.”

“தோண்டிப் போட்ட தெருவுக்குள்ள எந்த வண்டி வரும்? ஆகாயத்துல வருமா?”

போனை வைத்தாள். பத்து இருபத்தாறு. லேப் பாலத்துக்கு அந்தப் பக்கம், நாலு கிலோமீட்டர். பெடலை மிதிக்கத் தொடங்கினாள். மோட்டார் இழுக்காவிட்டால் அந்த வண்டி கல்லுரல் கனம். போதாததற்கு வெள்ளைக் கோட்டு அக்குளில் இறுக்கிப் பிடித்தது. தோளை அசைக்கும்போதெல்லாம் கோட்டைத் தைத்தவளை மனசுக்குள் திட்டினாள்.

திட்டிக்கொண்டே மிதித்தவள், பாலத்து ஏற்றத்தின் அடிவாரத்தில், தைத்தவளின் கடை வாசலிலேயே மூச்சு வாங்க நின்றாள். மணி பத்து முப்பத்தேழு.

தைத்தவள் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. நாலு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. “அக்குள் பிடிக்குது அண்ணி” என்று இவள் சொல்ல, “கோட்டு அளவு கோட்டுலதான் இருக்கு, கைதான் அளவு மீறிடுச்சு” என்று அவள் சொல்ல, அன்றோடு முடிந்த உறவு.

நாத்தனார் கழுத்தில் அளவு நாடாவோடு தையல் மெஷினைப் பார்த்துப் பேசினாள்.

“மோட்டார் வண்டியைச் சிலபேர் மிதிச்சிக்கிட்டு வர்றாங்க. காலம் கெட்டுப்போச்சு.”

இவளும் வண்டியைப் பார்த்துச் சொன்னாள். “சிலபேருக்கு வேடிக்கை பார்க்க நேரமிருக்கு. பெட்டிக்குள்ள பச்சைக் குழந்தையோட ரத்தம் இருக்கு. பதினொண்ணு ஆறுக்குள்ள போகலேன்னா அதை மறுபடி குத்தணும்.”

மெஷின் நின்றது.

“எவ்வளவு பெரிய குழந்தை?”

“எட்டு மாசம். நாலு குத்து குத்தியிருக்கேன் அண்ணி.”

நாத்தனார் எழுந்தாள். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். “ஏறி உக்காரு. ஏற்றம் முடியிற வரைக்கும் தள்ளிவிடுறேன். அந்தப் பக்கம் இறக்கம்தானே, தானா போகும்.”

“நீங்க எதுக்கு...”

“பேசுற நேரத்துக்கு மிதி!”

இவள் மிதித்தாள், அவள் பின்னால் குனிந்து தள்ளினாள். பத்தடி, இருபதடி. இருவருக்கும் இரைத்தது. பாதி ஏற்றத்தில் தள்ளுவது சட்டென்று நின்றுபோனது.

“ஏண்டி, உனக்கு நெஞ்சுல ஈரமிருக்கா?”

“என்ன அண்ணி?”

“நான் இங்க முதுகு ஒடியத் தள்ளுறேன். நீ பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே! நாலு மாசக் கோபத்தைத் தீர்த்துக்க இதான் நேரமா?”

“ஐயோ, நான் பிரேக்கே பிடிக்கல!”

“பொய் சொல்லாதே. மூஞ்சிக்கு முன்னால சிவப்பு விளக்கு எரியுது. தள்ள ஆரம்பிச்சதுலேருந்து எரியுது. பிரேக் பிடிக்காம அது எரியுமா?”

இவள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். “பாருங்க. பிடிச்சிருக்கேனா?”

நாத்தனார் விளக்கைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். மறுபடி விளக்கைப் பார்த்தாள். வண்டியை இடுப்பால் முட்டுக்கொடுத்தபடி முன்னால் எட்டிப் பார்த்தாள். துணி எங்கே இழுத்துச் சுருக்கம் விழுகிறதென்று பார்த்தே பிழைக்கிறவள். அவள் கண் நேரே வாருக்குப் போயிற்று.

“இதென்னடி இது? கைப்பிடியையும் பிரேக் கம்பியையும் ஒண்ணாச் சேர்த்துக் கட்டி வச்சிருக்கே!”

பெட்டியின் கனத்தில் வார் இறுகியிருந்தது. பிரேக் கம்பி ஒரு நூல் அளவு உள்ளே வந்திருந்தது. சக்கரத்தைப் பிடிக்க அது போதாது. மோட்டாரை நிறுத்தப் போதும். பிரேக் தொட்டால் மோட்டார் ஓடாதபடிதான் அந்த வண்டியைச் செய்திருந்தார்கள். வாங்கிய அன்றே கடைக்காரர் சொன்னதுதான்.

நாத்தனார் வாரைப் பிரித்துப் பெட்டியை எடுத்தாள். விளக்கு அணைந்தது. இவள் முறுக்கினாள். வண்டி துள்ளி முன்னால் போயிற்று.

“நில்லு, நில்லு! பெட்டி என் கையில இருக்கு!”

“குலுங்காம இருக்கணும்னுதான் அண்ணி மாட்டினேன்.”

“அப்புறம் அழு. நகரு.” பின்னால் ஏறி உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். “இப்ப குலுங்காது. விடு.”

“ரெண்டு பேரை இழுக்குமா தெரியலையே.”

“உன் கை பெருத்துப்போச்சுன்னு நான் சொன்னது வண்டிக்கா கேட்டிருக்கும்? விடு!”

மோட்டார் முனகியது, ஆனால் இழுத்தது. பாலத்தின் உச்சி, இறக்கம், ஒரு சிக்னல். சிக்னல் சிவப்பாகவே நின்றது. “மணி என்ன?” “அம்பத்திரண்டு.” “இப்ப?” “அம்பத்திரண்டுதான் அண்ணி.” பச்சை விழுவதற்குள் நாலு தடவை கேட்டுவிட்டாள்.

லேப் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். யார் எதைக் கொண்டுவந்தாலும் நேரத்தைத்தான் முதலில் பார்ப்பார். ஜன்னல் உயரம். இவள் குழாயைக் கையில் எடுத்து எட்டி நீட்டினாள். அக்குளில் டர்ரென்று ஒரு சத்தம்.

“தையல் விட்டுடுச்சு” என்றாள் இவள்.

“துணி கிழிஞ்சிருக்கும். என் தையல் விடாது” என்றாள் நாத்தனார்.

கடிகாரம் இரண்டையும் கேட்கவில்லை. “பத்து ஆறு. இப்ப பதினொண்ணு ரெண்டு.” குழாயைத் தொட்டு ஜில்லிப்புப் பார்த்தார். “சரி, வச்சிட்டுப் போங்க.”

இவள் நகரவில்லை. “மெஷின்ல வச்சுச் சுத்திப் பார்த்துச் சொல்லுங்க சார். குலுங்கி வீணாப்போயிருந்தா மறுபடி எடுக்கணும்பீங்க. தெரிஞ்சிக்கிட்டே போறேன்.”

“பத்து நிமிஷம் ஆகும்.”

“நிக்கிறோம்” என்றாள் நாத்தனார், யாரும் அவளைக் கேட்காமலே.

உள்ளே இயந்திரம் சுற்றியது. நாத்தனார் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். இவள் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தாள். குழந்தையின் சத்தம் வராத வாய் கண்ணைவிட்டுப் போகவில்லை. பெட்டியைப் பின்னாலேயே கட்டியிருந்தால் இருபது நிமிஷத்தில் வந்திருப்பேனே. எல்லாம் நானே இழுத்துவிட்டது.

கடிகாரம் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடியில் கருஞ்சிவப்பு. மேலே சிவப்பு கலக்காத இளமஞ்சள்.

“நல்லாயிருக்கு. போங்க.”

தாய்க்குப் போன் போட்டாள். “சேர்ந்துடுச்சும்மா. இனி குத்த வேண்டாம்.”

“மெதுவாப் பேசுங்க,” என்றது மறுமுனை, “இப்பதான் தூங்குறான்.”

வெளியே வந்தார்கள். நாத்தனார் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். தையல் இருந்தது, பக்கத்தில் துணிதான் கிழிந்திருந்தது. ஜெயித்தும் அவள் முகம் தெளியவில்லை.

“அரை அங்குலம் கூடுதலா விட்டிருக்கலாம்” என்றாள், கிழிசலிடம். பிறகு, “இன்னும் எத்தனை வீடு இருக்கு?”

“மூணு.”

“அக்குளைக் காட்டிக்கிட்டா போவே? கடைக்கு விடு, பத்து நிமிஷ வேலை. பெட்டியைக் குடு.”

“காலிப் பெட்டிதானே அண்ணி, கைப்பிடியிலயே மாட்டிக்கிறேன்.”

“குடுன்னா குடு. உன்னை நம்பி வண்டியில ஏற வேண்டாமா?”