வேர் கம்பெனியுடையது

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டுப் பக்கம் ஆப்பிள் திருவிழா அன்று, ஜாதி தெரியாத பழத்தைக் கொண்டுபோய் நிபுணர்களிடம் பெயர் கேட்பது வழக்கம். மெரியல் கொண்டுபோன சொரசொரப்பான பாக்கு நிற ஆப்பிளை அறுத்தார்கள், முகர்ந்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். மரபணுச் சோதனையும் கைவிரித்தது. இந்த ஜாதிக்கு உலகத்தில் தெரிந்து இருப்பது அந்த ஒரே மரம்தான்.

மரம் நின்றதோ, வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றுப்போன பக்கத்து வயலில். கம்பெனி மேலாளர் ரஸ்ஸலிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"விதையை எடுத்து வச்சுக்குங்களேன் மேடம். வேற எங்கயாவது முளைக்கட்டும்," என்றான் பெருந்தன்மையாக.

தாயைப் போல பிள்ளை என்பது ஆப்பிளிடம் செல்லாது. தாயின் குச்சியை இன்னொரு வேரில் ஒட்டினால்தான் அதே பழம். அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஜனவரியில் மரத்தைச் சாய்த்தார்கள். மெரியல் அழவில்லை; கோபம் வந்தால் அவளுக்கு அழுகை வராது. கிளை நுனிகளை வெட்டி வந்து, ஈரத்தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள். பழத்தின் காற்றுப் பட்டால் மொட்டு செத்துவிடும் என்று அதிலிருந்த கணவனின் ஆப்பிள்களை வெளியேற்றினாள்.

"ஆப்பிளைக் காப்பாத்தறேன்னு ஆப்பிளுக்கே இடமில்லாமப் பண்ணிட்டியே."

"உன்னையும் வெளிய வைக்கலையேன்னு சந்தோஷப்படு."

மார்ச் வந்தது. ஒட்டுவதற்கான கன்று எந்தப் பண்ணையிலும் மிச்சமில்லை. குச்சிகள் காய்ந்தால் வம்சமே முடிந்தது. அப்போதுதான் வயலின் மறுபக்கம் போன வருஷமே கட்டி முடித்த புதிய வீடுகளின் வாசல்தோறும் கம்பெனி நட்டிருந்த காட்டு ஆப்பிள் கன்றுகள் கண்ணில் பட்டன. பூவுக்காக வைத்த அழகுமரம்தான், ஆனாலும் ஒட்டு பிடிக்கும்.

பட்டப்பகலில் கத்தியோடு போனாள். ஒவ்வொரு கன்றாகத் தலையைச் சீவிக் குச்சியை ஒட்டி, கடைசிக் கன்றுக்கு நாடா சுற்றும்போது ரஸ்ஸல் மூச்சிரைக்க வந்தான்.

"இதெல்லாம் கம்பெனி வச்ச மரம் மேடம்."

"வேர் உங்களது தம்பி. தலை இனிமே என்னோடது."

"நாளைக்கே ஆளை விட்டு அறுத்து எறிவேன்."

"வீட்டை வித்தீங்களே, வாசலை மட்டும் கையில வச்சுக்கிட்டீங்களா? நான் ஒவ்வொரு வீட்டுலயும் கேட்டுட்டுதான் கத்தியை எடுத்தேன்."

ரஸ்ஸல் திரும்பினான். தெரு நெடுக வாசல்களில் ஆட்கள் நின்றிருந்தார்கள், சிலர் கையில் தேநீரோடு, ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு. ஒருவரும் சிரிக்கவில்லை.

"அறுக்கணும்னா கதவைத் தட்டிக் கேளுங்க," என்றாள் மெரியல், நாடாவை இழுத்து முடிந்தபடி. "இந்த வீட்டுல இருந்தே ஆரம்பிங்க."