வாடகை வினைச்சொற்கள்

அந்த ஊரில் கல்யாணம் என்றால் சமையலுக்கு ஒரு குழு, மேளத்துக்கு ஒரு குழு, ஆட்களைத் தடுப்பதற்கு ஒரு குழு. தடுக்கும் குழுவில் எல்லோரும் இங்கிலீஷ் வினைச்சொற்கள். தமிழில் தடுத்தால் சண்டை வரும், இங்கிலீஷில் தடுத்தால் மரியாதையாக இருக்கும் என்பது மாப்பிள்ளை வீட்டார் எண்ணம்.

இந்தக் கல்யாணத்தில் தடுக்க வேண்டிய ஆள் ஒருத்திதான். பெண்ணைப் பெற்ற ஆவுடையம்மாள். புருஷன் இல்லாதவள். மகள் சுபாஷிணியைத் தன் கையால் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும், தாலி ஏறும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

புருஷன் போனபோது சுபாஷிணி கைப்பிள்ளை. அன்றிலிருந்து காய்ச்சலுக்குக் கண் விழித்ததும், படிக்க வைத்ததும், ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததும் ஆவுடையம்மாள்தான். தாரை வார்க்க மட்டும் கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் பட்டு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அந்தப் பெண்டாட்டிக்கு சுபாஷிணி என்ன படித்தாள் என்பதுகூடத் தெரியாது.

மண்டப வாசலில் தடுக்கும் குழுவின் முதல் ஆள், டிபார் (debar) நின்றான். சஃபாரி சூட், நெற்றியில் சந்தனப் பொட்டு. அவளைக் கண்டதும் கைகட்டினான்.

“வணக்கம் டீச்சர். நல்லாருக்கியளா?”

அவளுக்கு அடையாளம் தெரிந்தது. எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் நடத்தியே தலை நரைத்தவள் அவள். இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதி, அர்த்தம் சொல்லி, ஊர்ப் பிள்ளைகளின் வாயில் ஏற்றிவிட்டவளும் அவள்தான். வளர்த்த கடா மார்பில் பாய்வது என்பது இதுதான்.

“வழிய விடுலே.”

“நான் வழிய மறிக்கல டீச்சர். உங்களுக்குத் தகுதியில்லன்னு மட்டும் சொல்லுதேன். அதான் என் வேல.”

“தகுதியில்லன்னு யாரு சொன்னா?”

“நீங்க வாறதுக்கு முன்னாலயே எல்லாரும் சொல்லிட்டாவ.”

அவனை இடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் தடுக்கவில்லை. ‘தகுதியில்லாத ஒருவர் உள்ளே வருகிறார்’ என்று மைக்கில் அறிவித்தான். பந்தியில் இருந்தவர்கள் இடது கையால் இலையைத் தட்டி வரவேற்றார்கள்.

உள்ளே நடைபாதை நீளமாக இருந்தது. அவள் நடக்க நடக்க இன்னும் நீண்டது. பிரிவென்ட் அவளுக்கு முன்னால் குனிந்தபடி போய், கல்யாண ஜமக்காளம் விரிப்பதைப் போல அந்தப் பாதையை விரித்துக்கொண்டிருந்தான்.

“என்னலே செய்யுத?”

“முன்கூட்டியே செய்யணும் டீச்சர். நீங்க வந்த பெறவு தடுத்தா அது ஸ்டாப்போட வேல.”

“அவன் எங்க?”

“சாப்பிடப் போயிருக்கான்.”

அவள் சட்டென்று திரும்பி சமையல்கட்டு வழியாக நுழைந்தாள். சமையல்கட்டை நீட்ட அவனுக்கு அனுமதியில்லை. சாம்பார் அண்டாக்களைத் தாண்டி வந்தால் மணமேடை.

மேடைக்கு முன்னால் ஓமிட் எல்லோருக்கும் பன்னீர் தெளித்துக்கொண்டு வந்தாள். நல்ல பிள்ளை, சிரித்த முகம். ஆவுடையம்மாளிடம் வந்தபோது செம்பு காலியாக இருந்தது. அடுத்த ஆளிடம் போனதும் நிறைந்துவிட்டது.

“மறந்துட்டேன் டீச்சர். கோவிச்சுக்கிடாதிய.”

எக்ஸ்க்ளூட் கோலமாவால் மேடையைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். மேளக்காரர், போட்டோ எடுப்பவர், வேன் டிரைவர், பேர் தெரியாமல் சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் வட்டத்துக்குள் இருந்தார்கள். மண்டபத்து நாய்கூட உள்ளே நின்று வாலாட்டியது. கோடு அவள் கால் கட்டைவிரலுக்கு முன்னால் வந்து முடிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா லோகநாயகி உள்ளே இருந்தபடியே கும்பிட்டாள்.

“சம்பந்தியம்மா, நீங்க அந்த ரூம்புல கொஞ்சம் இருங்க. நல்ல காரியம் பாருங்க. உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல.”

“எனக்கு இருக்கு” என்றாள் ஆவுடையம்மாள்.

அவளுக்குக் கோபம் வந்தது. செத்தது புருஷன். தண்டனை இவளுக்கு. அதையும் அடக்கத்தோடு, ஒரு ஓரமாக, கதவைச் சாத்திக்கொண்டு அனுபவிக்க வேண்டுமாம். அவளுக்கு வெட்கமாக இல்லை, அழுகையும் வரவில்லை. அத்தனை பேரையும் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைக்க வேண்டும் போல இருந்தது.

“ஏட்டி சுபா!” என்று மண்டபம் அதிரக் கூப்பிட்டாள். “ஒங்கம்மைய உள்ள விட மாட்டேங்கானுவ!”

சுபாஷிணி தலை நிமிர்ந்தாள். மாலையைக் கழற்றிப் பலகையில் வைத்தாள்.

“பொண்ணு எழுந்திருக்கப்படாது” என்றார் ஐயர்.

அவள் எழுந்து, பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி அம்மாவிடம் வந்து நின்றாள். எக்ஸ்க்ளூட் அவள் மிதித்த இடத்தில் மாவைப் போட்டுக் கோட்டைச் சரிசெய்தான். இப்போது வெளியே இரண்டு பேர்.

கல்யாணம் நிற்கவில்லை.

ஐயர் பலகையைப் பார்த்தார். காலியாக இருந்தது. அதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் காலி இடத்தைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை காலி இடத்துக்குத் தாலி கட்டினான். நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டாள். கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் அட்சதை தூவினார்கள். அது மாலையின் மேல் விழுந்தது.

லோகநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மருமவ எவ்வளவு அடக்கமா இருக்கா பாத்தியளா!”

“எம்மா,” என்றாள் சுபாஷிணி மெதுவாக. “எனக்குக் கல்யாணம் ஆயிட்டா?”

“அவங்களுக்கு ஆயிட்டு.”

மாப்பிள்ளை காலி இடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியைச் சுற்றி வந்தான். பெரியவர்கள் ஒவ்வொருவராக ஆசீர்வாதம் செய்தார்கள். கடைசியில் மாப்பிள்ளை கோட்டுக்கு இந்தப் பக்கமும் வந்தான். நல்ல பையன்தான். மரியாதை தெரிந்தவன். ஆவுடையம்மாளின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவன் பக்கத்தில் காலி இடமும் விழுந்தது. வினைச்சொற்கள் வரிசையாகக் கைகட்டி நின்றன.

ஆவுடையம்மாள் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கவில்லை. சுபாஷிணியின் கை அந்தக் கைக்குள் இருந்தது.

“எந்திரிங்க தம்பி,” என்றாள். “பொண்ண நான் இன்னும் குடுக்கல.”