வேப்பிலை கட்டிய வீட்டில் முகப்பரு

வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அங்கே வேலை கிடையாது. திருவையாற்றுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டர் வானதிக்கு இது தெரியாததல்ல; அவளும் அதே வயல்காட்டுப் பெண்தான். ஆனாலும் செந்தாமரையின் மகன் தமிழ்மாறனால் எழுந்து நடக்க முடியவில்லை என்று செவிலியர் வந்து சொன்னதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மை காலை முடக்காதே. செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

பதினோராம் வகுப்புப் பையன் வேப்பிலை பரப்பிய பாயில் ஒருக்களித்துக் கிடந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. முகம், நெஞ்சு, முதுகு எல்லாம் கட்டி கட்டியாக வீங்கி, உடைந்து, ரத்தம் காய்ந்திருந்தது. அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று அவனைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு நோயாளிக்கு இத்தனை மரியாதையை வானதி எந்த வார்டிலும் கண்டதில்லை. அவள் குரல் தானாகத் தணிந்தது.

குனிந்து பார்த்தாள். அம்மை முத்துக்குள் தெளிந்த நீர் இருக்கும், தலையிலும் போட்டிருக்கும். இவன் தலை சுத்தமாக இருந்தது. புண்களுக்கு நடுவே கரும்புள்ளிகளும் பழைய தழும்புகளும் தெரிந்தன.

"முகத்துல எப்பலேர்ந்து இருக்கு, தம்பி?"

"ஒரு வருசமா வெறும் பருதான், டாக்டர். திடீர்னு இப்படி ஆயிடுச்சு. முட்டி, இடுப்பெல்லாம் வலிக்குது."

வானதி செந்தாமரையிடம் திரும்பினாள். "அக்கா, இது அம்மை இல்ல. சில பசங்களுக்குப் பருவே இப்படி மூர்க்கமா ஆயிடும். காய்ச்சல் வரும், மூட்டைப் புடிக்கும். இன்னிக்கே தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில சேர்க்கணும். விட்டா முகமெல்லாம் குழி விழுந்துடும்."

செந்தாமரை அசையவில்லை. "ஆத்தா உடம்புல இருக்கறப்ப மருந்து குடுத்தா கண்ணைப் பறிச்சுக்குவா. தலைக்கு மூணு தண்ணி ஊத்திட்டுப் பாக்கலாம்ங்க."

உப்பில்லாக் கஞ்சி குடித்து, உறக்கம் விட்டுக் காவலிருப்பவளிடம் என்னவென்று வாதாடுவது?

அப்போது தமிழ்மாறன் மெல்லச் சொன்னான். "அம்மைன்னே இருக்கட்டும், டாக்டர். பள்ளிக்கூடத்துல எம்பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. பஸ்ஸுல மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. இப்பதான் எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. பருன்னு தெரிஞ்சா பழையபடி ஆயிடும்."

செந்தாமரை மகனையே பார்த்தாள். இதையெல்லாம் அவன் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"ஆத்தா இல்லைன்னு நிச்சயமாத் தெரியுமா, டாக்டரம்மா?"

"நிச்சயமாத் தெரியும்க்கா."

"ஆத்தான்னுதான் அள்ளி எடுக்கப் பயந்துகிட்டு இருந்தேன். எம்புள்ளை மட்டுந்தான்னா எனக்கென்ன பயம்."

சீழும் ரத்தமுமாக இருந்த அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி நெற்றியில் முத்தமிட்டாள். அவன் விம்மினான். அவன் கையைத் தன் தோளில் போட்டு நிமிர்த்தி உட்காரவைத்து, "வண்டியக் கூப்பிடுங்க" என்றாள்.

இந்த வீட்டில் சாமி இல்லை என்று அடித்துச் சொன்ன வானதிக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னொரு முறை கேட்டிருந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருப்பாளோ என்னவோ. செல்போனை எடுத்து 108-ஐ அழுத்தினாள்.