ஊர் ஓட்டு

ரத்னாவுக்குத் தலைக்கட்டு வரி கிடையாது. வரி இல்லையென்றால் நல்லதுதானே என்று நினைக்கிறவர்களுக்குக் காரைத்திட்டுக் குப்பத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலை ஒட்டிக் கிடக்கிற அந்தக் குப்பத்தில் கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருத்தனும் ஊருக்கு வரி கட்டுவான். கட்டுகிறவன் கங்கையம்மன் கோயில் வாசலில் கூடுகிற பஞ்சாயத்தில் உட்காரலாம், வாய் திறக்கலாம். பெண்பிள்ளைக்கு வரி இல்லை, ஆகவே வாயும் இல்லை. வேண்டுமானால் புருஷன் வாயை இரவல் வாங்கிக்கொள்ளலாம். ரத்னாவின் புருஷன் கட்டுமரத்தோடு போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் கடல் ஏறி வந்து கீழண்டை வரிசையை வாரிக்கொண்டு போயிற்று. வீடிழந்த முப்பத்து நாலு குடும்பமும் சவுக்குத் தோப்பு ஓரம் புறம்போக்கில் குடிசை போட்டுக்கொண்டன. அவற்றில் ஒன்று ரத்னாவுடையது. இப்போது அந்த இடத்தில் யாரோ ஒரு கம்பெனிக்காரன் வெளிநாட்டுக்காரர்கள் தங்க விடுதி கட்டப்போகிறானாம். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. மனைப்பட்டா ஒன்று இருந்தால் எவனும் அசைக்க முடியாது. ஆனால் பட்டாவை யாரிடம் கேட்பது?

அதற்காகச் செங்கல்பட்டுத் தாலுகா ஆபீஸுக்கு அவள் நடந்த நடை கொஞ்சமில்லை. கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் மீன் விற்று முடித்து, காலிக்கூடையோடு பஸ் ஏறிப் போவாள். மீன் நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு அதிகாரி சொல்வார்: "எம்.எல்.ஏ. மூலமா வாம்மா." ஆட்சியைக் கலைத்து ஒன்றரை வருஷமாகக் கவர்னர் ஆட்சி, எம்.எல்.ஏ. எங்கிருந்து வருவார்? பழைய எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனால் அவர், "நான் இப்ப ஒண்ணும் இல்லியேம்மா, டெல்லிக்காரன் எங்கள வூட்டுக்கு அனுப்சிட்டான்" என்று பரிதாபமாகக் கையை விரித்தார். அவர் எம்.எல்.ஏ.வாக இருந்த காலத்தில் கேட்டபோதும் கையைத்தான் விரித்தார். நாற்காலி இருந்தாலும் விரியும், போனாலும் விரியும், அது ஒரு கை! ரத்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபத்தேழு ஜூனில் ஒருவழியாகத் தேர்தல் வந்தது. ஒரே கட்சியாக இருந்தது இரண்டாகிப் போயிருந்த காலம். நேற்றுவரை ஒரே இலையில் சாப்பிட்டவர்கள் எதிரெதிர் மேடையில் நின்று ஒருவர் குடியை ஒருவர் கெடுத்ததாகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். பழைய கட்சிக்குப் பழைய எம்.எல்.ஏ.வே நின்றார். புதுக் கட்சிக்கு ஜானகிராமன் என்று ஒரு ரைஸ்மில்காரர்.

காரைத்திட்டில் ஓட்டை யாரும் தனியாகப் போடுவதில்லை. ஊர் ஓட்டு என்று ஒன்றுதான் உண்டு. பஞ்சாயத்துக் கூடி யாருக்கு என்று முடிவெடுக்கும், வரிக்காரர்கள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்கள், குப்பம் மொத்தமும் ஒரே சின்னத்தில் குத்தும். அதற்குப் பதிலாக ஊருக்கு ஏதாவது ஒன்று வரும். பழைய எம்.எல்.ஏ. இந்த வழக்கம் அறிந்தவர். நேரே ஊர்த்தலைவர் திருவேங்கடத்தைப் பார்த்து, கோயிலுக்கு முன்மண்டபம் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பஞ்சாயத்துக் கூடியது. பெண்கள் வழக்கம்போலத் தள்ளி நின்றார்கள். மண்டபம் என்ற பேச்சைக் கேட்டதும் ரத்னாவால் பொறுக்க முடியவில்லை.

"தலிவரே, மண்டபம் இன்னாத்துக்கு? முப்பத்திநாலு வூடு நடுத்தெருவுக்கு வரப்போவுது. பட்டா வாங்கிக்குடுன்னு கேளு!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. திருவேங்கடம் திரும்பக்கூட இல்லை. "வரிக்காரங்க பேசிகினு கீறாங்க. அந்தப் பொம்பளய யாராச்சும் சும்மா இருக்கச் சொல்லுங்கப்பா."

அந்தப் பொம்பளை! பதினைந்து வயதில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், இவன் மகள் பிரசவத்துக்கு ராத்திரியெல்லாம் கண் விழித்தவள், அவளுக்குப் பேர் இல்லை! வீடிழந்த முப்பத்து நாலு குடும்பங்களில் வரிக்காரர்களும் இருந்தார்கள். அவர்களாவது பேசுவார்களா என்று பார்த்தாள். தலைவரை எதிர்த்தால் நாளைக்கு வலை இழுக்க ஆள் வராது. மண்ணைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கற்பூரம் எரிந்தது. ஒவ்வொருத்தனாக எழுந்து வந்து அதை உள்ளங்கையால் அடித்தான். நூற்றுத் தொண்ணூறு ஆண்பிள்ளைகள்.

மறுநாள் கரையில் மீன் ஏலத்துக்குக் காத்திருந்தபோது ரத்னாவுக்கு இன்னும் கொதி அடங்கவில்லை. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஆதியம்மாள் சமாதானம் சொன்னாள். "வுடுடி. சத்தியம் பண்ணிட்டாங்க. மீறுனா அம்மன் கண்ணக் குத்திடும்."

"யாரு சத்தியம் பண்ணது?"

"ஊருதான்."

"நீ பண்ணியா?"

ஆதியம்மாள் யோசித்தாள். "நம்மள எங்கடி கூப்டாங்க?"

"அதான் கேக்கறேன். கற்பூரத்த நீ அடிச்சியா? நான் அடிச்சனா? அடிச்சவன் கண்ணத்தானே அம்மன் குத்தும்? நம்மள ஆளா மதிச்சு ஒரு வார்த்த கேட்டிருந்தா நாமளும் கட்டுப்பட்டிருப்போம். கேக்கல. நாம யாருக்கும் கட்டுப்பட்டவளுங்க இல்ல."

சுற்றியிருந்த பெண்கள் கூடையை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள். இத்தனை தேர்தலில் ஒருத்திக்கும் இது தோன்றியதில்லை.

"அதுக்குன்னு அந்த ரைஸ்மில்லு மட்டும் யோக்கியனா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"எவன் யோக்கியன்? எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டைதான். ஆனா பழய ஆளு நம்மள மண்டபத்துக்கு வாங்கிட்டான். வாங்குன பொருள எவனாச்சும் திரும்பிப் பாப்பானா? இவன் இன்னும் வாங்கல. வாங்காதவன்கிட்டதான் கேக்க முடியும்."

கூடையோடு கூடையாக அந்தப் பேச்சு ஒரு வாரம் குப்பத்தைச் சுற்றியது. ஆண்பிள்ளைகள் காதுக்கு மட்டும் போகவில்லை. பெண்கள் பேச்சை அவர்கள் என்றைக்குக் காது கொடுத்துக் கேட்டார்கள்?

ஓட்டுப் பெட்டியைத் திறந்தபோது ஜானகிராமனின் ஏஜெண்டு அசந்துபோனான். நாலு ஓட்டுகூடத் தேறாது என்று அவர்கள் கைகழுவிவிட்ட காரைத்திட்டுப் பெட்டியில் நூற்று அறுபத்தெட்டு. மொத்தத் தொகுதியில் ஜானகிராமன் ஜெயித்ததே நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில். சேதி வந்த அன்று திருவேங்கடம் கோயில் வாசலில் நின்று, "எவன்டா துரோகி?" என்று கத்தினார். வரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தோடு போன அவர் பெண்சாதி ஜெகதாம்பாள் தலையைக் குனிந்துகொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. ஜானகிராமன் இறங்கினார், கையில் ஆளுயர ரோஜா மாலை. ரத்னா கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பெண்களும் ஓடி வந்தார்கள். நம்மைத் தேடித்தான் வந்திருக்கிறார் என்று அவர்கள் நினைத்ததில் தப்பென்ன?

ஜானகிராமன் நேரே நடந்துபோய் மாலையைத் திருவேங்கடத்தின் கழுத்தில் போட்டார்.

"தலைவரே, வெளியில அந்தப் பக்கம்னு சொல்லிட்டு, உள்ளுக்குள்ள எனக்கு ஊர் ஓட்டுல பாதியைத் திருப்பி விட்டீங்களே! உங்க ராஜதந்திரம் யாருக்கு வரும்?"

திருவேங்கடம் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். அவ்வளவுதான். பிறகு மாலையைச் சரிசெய்துகொண்டு, "ஏதோ நம்மால ஆனதுங்க" என்றார். கொஞ்சமாவது கூச வேண்டாமா அந்த நாக்கு! கட்சி மாறினால் என்ன, கவர்னர் வந்தால் என்ன, மாலை போகிற கழுத்து மட்டும் மாறுவதில்லை.

"ஊருக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்று ஜானகிராமன் கேட்டார். அதிகாரி ஒருவர் நோட்டும் பேனாவுமாக நின்றார்.

"அம்மனுக்கு ஒரு முன்மண்டபம்..." என்று திருவேங்கடம் ஆரம்பித்தார்.

ரத்னா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். "சார், அந்த ஓட்டு எங்க ஓட்டு. பொம்பளைங்க போட்டது. எங்களுக்கு வூட்டு மனைக்குப் பட்டா வேணும்."

ஜானகிராமன் அவளைப் பார்க்காமல் திருவேங்கடத்தைப் பார்த்தார். "யாருங்க இந்தம்மா?"

"வரி இல்லாத கேஸுங்க. புருஷன் இல்ல."

"எதுவா இருந்தாலும் ஊர்ப் பெரியவங்க மூலமா வாம்மா" என்றார் ஜானகிராமன்.

மூலமா. மறுபடியும் மூலமா! அந்த ஒரு வார்த்தையில் செங்கல்பட்டு ஆபீஸ் படியெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ரத்னாவின் தலையில் ஏறியது. அவள் திருவேங்கடத்தின் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள். குரலை மட்டும் தணித்துக்கொண்டாள்.

"தலிவரே, நம்ம ஊரு வரிக்காரங்க எல்லாரும் யாருக்கு ஓட்டுப் போடறதா சத்தியம் பண்ணாங்க, இவரு ஜெயிச்சப்ப நீ இன்னா கத்துனேன்னு இவருகிட்ட நான் சொல்லட்டுமா? இல்ல, பட்டாவப் பத்தி நீ சொல்றியா?"

திருவேங்கடத்தின் கை மாலையைப் பிடித்துக்கொண்டது. பெண்கள் பக்கம் பார்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள், அவர்களில் முன்வரிசையில் ஜெகதாம்பாள். இந்த முறை அவள் தலை குனியவில்லை. அப்போதுதான் அவருக்கு விளங்கியது, துரோகி யாரென்று.

"மண்டபம் கெடக்கட்டுங்க," என்றார். "சவுக்குத் தோப்புல முப்பத்திநாலு வூடு கீது. மொதல்ல அதுக்குப் பட்டா..."

"பேரு சொல்லுங்க" என்றார் அதிகாரி பேனாவைத் திறந்து.

திருவேங்கடம் தயங்கினார். ரத்னா நகரவில்லை. நெஞ்சில் சந்தோஷம் ஒரு துளியும் இல்லை. தன் வீட்டைக்கூட இவன் வாயால் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம்தான் இருந்தது. அந்தப் பொம்பளை என்று சொன்ன வாய் அது.

"சொல்லு தலிவரே," என்றாள். "மொதல் பேரு ரத்னா."