வெல்வெட் ஓநாயின் கடிதங்கள்

வயர் இருந்தால் போதும், அது குற்றவாளி. டல்லாஸிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி மெர்சர் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வில்மா டாக்கெட்டின் வீட்டில் கணினியும் மோடமும் பறிமுதல் பட்டியலில் ஏறின. பிறகு டோஸ்டர் ஏறியது. முடி சுருட்டும் கருவியும் ஏறியது. பட்டியல் எழுதியவன் உள்ளூர் போலீஸ் டெபுடி ஹார்லன் புரூயிட். ஆறடி மூன்று அங்குலம், தொப்பி தனி.

துணி துவைக்கும் அறையில் வில்மா ஒரு கணினி அறிவிப்புப் பலகை நடத்திவந்தாள். தொண்ணூறாம் வருஷம் அது. ஊரில் எண்பது பேர் டெலிபோன் வழியாக அதற்குள் வந்து புனைபெயரில் அரட்டையடிப்பார்கள், தனிக் கடிதம் போடுவார்கள். சேருகிற ஒவ்வொருவரையும் அவளே கூப்பிட்டு நிஜப் பெயரைக் கேட்டுக்கொள்வாள். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று வாக்கும் கொடுப்பாள். அந்தப் பலகையில் எவனோ டெலிபோன் கம்பெனியின் ரகசியக் காகிதம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போக, வந்தது வினை.

மெர்சர் திரையை முறைத்தார். "யாரும்மா இந்த வெல்வெட் ஓநாய்? இங்க இருக்கறவங்களுக்கு இருநூத்திப் பன்னெண்டு தனிக் கடிதம் போட்டிருக்கான். இவன்தான் கூட்டத்துக்கே தலைவன்!"

ஹார்லனின் பேனா நின்றது. காது சிவந்தது.

"சொல்ல மாட்டேன்," என்றாள் வில்மா.

"அப்ப நீங்க உள்ள போக வேண்டியிருக்கும், மேடம்."

"அடுப்புல பீன்ஸ் இருக்கு. அணைச்சிட்டு வரேன்."

பட்டியல் எழுதுகிறவன் பக்கம் விரலை நீட்டினால் போதும், தப்பிவிடலாம். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"சரி, கடிதத்தையே பாத்துடுவோம். ஹார்லன், சத்தமாப் படி."

ஹார்லன் தொண்டையைச் செருமினான். "சார், வாரண்ட்ல கடிதம்னு ஒரு வார்த்தைகூட இல்லையே."

"என்னது?"

"அடுத்தவங்க கடிதத்தைப் பிரிக்கத் தனி வாரண்ட் வேணும் சார். அரசியல் சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல? என் தாத்தனுக்குத் தாத்தன் சண்டை போட்டது எதுக்கு?" குரல் தழுதழுத்தது. பதினெட்டு வருட வேலையில் அவன் அரசியல் சட்டத்தைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான்.

"நீதிபதிகிட்ட இப்பவே போய் வாங்கிட்டு வா!"

"மீன் பிடிக்கப் போயிருக்கார் சார். திங்கக்கிழமைதான் வருவார்."

மெர்சர் பல்லைக் கடித்தார். கடிதங்கள் உள்ளே இருக்கும்வரை கணினியைத் தூக்க முடியாது. அந்த டெலிபோன் கம்பெனிக் காகிதத்தை மட்டும் பிளாப்பித் தட்டில் நகல் எடுத்துக்கொண்டார். அவ்வளவோடு போக மனமில்லாமல் டோஸ்டரையும் தூக்கிக்கொண்டு காரில் ஏறினார்.

வில்மா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஹார்லன் வாசலில் தொப்பியைக் கையில் சுழற்றியபடி தயங்கி நின்றான்.

"மிஸ் வில்மா, அந்த ஓநாய் எவனோ, உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்."

"எவனா இருந்தா எனக்கென்ன? யாரோட கடிதத்தையும் நான் இதுவரைக்கும் திறந்ததே இல்ல, ஹார்லன்."

அவன் முகம் தொங்கிவிட்டது.

"ஒண்ணுகூடவா? அந்த நிலாக் கவிதைகூடப் படிக்கலையா?"