நிரந்தர வேலைக்குத் தேவையான ஐஸ் மீன்பிடிச் சாமான்கள்

சச்சிதானந்தன் அங்கிள் அஜின்கோர்ட்டில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்து, வேலை தேடும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ரெஸ்யூமே எழுதிக் கொடுப்பவர். என்னுடைய ரெஸ்யூமேயில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘வாசிப்பு, கிரிக்கெட்’ என்று இருந்ததை, சொறி பிடித்த இடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“உதை ஆர் மதிக்கப் போறான், மிதுனன்? ஐஸ் ஃபிஷிங் எண்டு போடும். வெள்ளைக்காரன் உருகிப் போவான்.”

“அங்கிள், நான் மீனே பிடிச்சதில்லை.”

“பிடிச்சனீர் எண்டு ஆர் எழுதினது? விருப்பம் எண்டுதானே எழுதுறம்.”

வெள்ளைக்காரர் உருகித்தான் போனார். அவர் பெயர் பிரையன். மார்க்கம் நகரில் ஒரு தளபாடக் களஞ்சியத்தின் மனேஜர். லொறிகளுக்கு வழி சொல்லும் வேலைக்கான நேர்முகம் இருபது நிமிடம் நடந்தது. அதில் பதினெட்டு நிமிடம் சிம்கோ ஏரியைப் பற்றி அவரே பேசினார். நான் தலையாட்டினேன். தலையாட்டியதற்கு மூன்று மாத புரபேஷன் கிடைத்தது.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை பிரையன் என் மேசைக்கு வந்தார். புரபேஷனில் இரண்டு பேர் இருப்பதாகவும், நிரந்தரமாக ஒருவரை மட்டுமே எடுக்கலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். மற்றவர் என் பக்கத்து மேசைத் துவாரகா. சனிக்கிழமை எங்கள் இருவரையும் ஏரிக்கு வரச் சொன்னார். ஒரு மனிதரை ஐஸின்மேல் ஒரு மணித்தியாலம் பார்த்தால் போதும், எல்லாம் விளங்கிவிடும் என்பது அவருடைய கொள்கை. சாமான்களை அவரவரே கொண்டுவர வேண்டும். “உன்னுடைய மீன்பிடிச் செட்டைப் பார்க்க ஆசையாக இருக்கிறது” என்றார்.

என்னுடைய செட்டைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

இந்த வேலையும் போனால், இராசரத்தினம் மாமாவின் கார் கழுவும் இடத்தில் ஈரத்துணியோடு நிற்பது என்று வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எனவே கடைக்குப் போனேன். ஐஸ் மீன்பிடிக்குத் தொடக்கத்தில் அவசியம் என்னென்ன என்று கேட்டேன். கடைக்காரப் பையன் என்னை ஒரு வண்டிலோடு கூட்டிக்கொண்டு போனான். முதலில் ஓகர்: ஐஸில் துளை போடுகிற, என் நெஞ்சளவு உயரமான திருகாணி. பிறகு ஒரு தூண்டில். நாலு வயதுப் பிள்ளைக்குச் செய்ததுபோல அவ்வளவு குட்டை. பெரியவர்களுக்கானது இல்லையா என்று கேட்டேன். இதுதான் பெரியவர்களுக்கானது என்றான். எல்லாவற்றையும் வைத்து இழுக்க ஒரு பிளாஸ்ரிக் ஸ்லெட். வழுக்காமல் இருக்கச் சப்பாத்தில் மாட்டும் முள்ளு. மீன்பிடி லைசென்ஸ். இருக்கிறதுக்கு ஒரு வாளி. கவிழ்த்தால் கதிரை, நிமிர்த்தினால் மீன் போடுகிற பாத்திரம். மீனும் பிடித்து இருக்கவும் வேண்டுமென்றால் என்ன செய்வது என்று அவன் சொல்லவில்லை.

கடைசியாக, கயிற்றில் கோத்த இரண்டு கைப்பிடி ஆணிகளை என் கழுத்தில் மாலையாகப் போட்டான். ஐஸ் உடைந்து விழுந்தால் அவற்றை விளிம்பில் குத்திக் குத்தி மேலே ஏறி வரலாமாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த மாலையைத் தொட்டுப் பார்த்தா.

“ஐஸ் உடையாதெண்டு சொன்னனீ.”

“ஓம். உடையாது.”

“உடையாட்டி, உந்த ஆணி ஏன்?”

அம்மா சாமி அறைக்குப் போய்விட்டா. நான் குசினிக்குப் போனேன், ஏனென்றால் துளையில் மிதக்கிற ஐஸ் துகள்களை வாரி எடுக்கிற அகப்பை கடையில் முடிந்திருந்தது. அம்மாவின் வடை அரிக்கிற கரண்டி அச்சொட்டாக அதைப் போலவே இருந்தது.

சனிக்கிழமை காலை சைபருக்குக் கீழே பத்தொன்பது. அம்மாவின் கொரோலாவை ஏரிக்கரையில் விட்டுவிட்டு ஸ்லெட்டை இழுத்துக்கொண்டு போனேன். துவாரகா பிரையனின் வண்டியில் முன்பே வந்திருந்தாள். அவளுடைய கழுத்திலும் ஆணி மாலை. இருவரும் யாரோ எங்களுக்குத் தெரியாமல் கட்டிவைத்த கலியாணத்தில் நிற்பதுபோல இருந்தது.

பிரையன் நூறடி தள்ளித் தன் கூடாரத்தை விரித்துக்கொண்டே, தொடங்குங்கள் என்று கையைக் காட்டினார். நான் ஓகரை ஐஸில் ஊன்றிச் சுற்றினேன். சுற்றினேன். பத்து நிமிடம் கழித்து மூச்சு வாங்கக் குனிந்து பார்த்தபோது ஐஸில் துளை இல்லை. நன்றாக மினுக்கியிருந்தேன், அவ்வளவுதான். என் முகம் தெரிந்தது.

துவாரகா தன் வாளியோடு பக்கத்தில் வந்தாள். பிரையன் பார்க்காத பக்கமாக நின்றுகொண்டு மெல்லச் சொன்னாள்:

“மூடியைக் கழட்டும்.”

“என்ன மூடி?”

“கத்தியில பிளாஸ்ரிக் மூடி கிடக்கு. கழட்டாமச் சுத்துறீர்.”

கழற்றினேன். ஓகர் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“நாலு நாளா வீடியோ பார்த்தனான், நித்திரை கொள்ளாம.” கொஞ்சம் நின்றாள். “சச்சி அங்கிளா?”

“ஓம். உமக்கும்?”

“எனக்கும். முதல் பொழுதுபோக்கில ‘கோலம்’ எண்டு போட்டிருந்தனான்.”

சிரிக்க வாய் திறந்தபோது பல்லுக் கூசியது. அவள் சிரிக்கவில்லை. பார்க்டேலில் இருந்து தினமும் இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் வருகிறாள் என்பது தெரியும். நிரந்தர வேலைக் கடிதம் இருந்தால்தான் வவுனியாவில் இருக்கிற தாயை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ணும் ஃபோர்மை நிரப்பலாம் என்று அன்றைக்குத்தான் சொன்னாள்.

“அப்ப ஏன் மூடியைப் பற்றிச் சொன்னனீர்? சும்மா விட்டிருந்தா உமக்குத்தானே வேலை.”

“பார்க்கேலாமக் கிடந்தது.”

பிரையனிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். என் பொய்யைச் சொன்னால் அவளுடைய பொய்யும் சேர்ந்து வெளியே வரும், ரெஸ்யூமே எழுதிய கை ஒன்றுதானே. சொல்லாமல் விட்டால், எனக்கு மூடி கழற்றச் சொல்லித் தந்தவளின் வேலையை நான் எடுத்துக்கொண்டு போவேன். இதற்கு அந்தக் கடையில் சாமான் இல்லை.

அந்த நேரம் பிரையன் வந்து என் துளையைப் பார்த்தார். துளையை விட்டுவிட்டு வடைக் கரண்டியை எடுத்தார். ஐஸ் துகளை வாரினார், தண்ணீரை வடிய விட்டார், இன்னொரு தரம் வாரினார். முப்பது வருடத்தில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை, எங்கே வாங்கினாய் என்று கேட்டார். குடும்பச் சொத்து என்றேன். கரண்டியோடு கூடாரத்துக்குப் போய்விட்டார். உண்மையைச் சொல்ல இருந்த சந்தர்ப்பமும் கரண்டியோடு போனது.

பிறகு ஒரு மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. என் கால்விரல்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. துவாரகா தன் துளைக்கு மேலே குந்தியிருந்து, வீடியோவில் கண்டபடி தூண்டிலை மெல்ல ஏற்றி இறக்கினாள். நான் தூண்டிலை வாளியின் கைப்பிடியில் செருகிவிட்டு, அக்குளுக்குள் கைவைத்துக்கொண்டு நின்றேன். மீன்கள் உழைப்பைப் பார்ப்பதில்லை. என் தூண்டில்தான் வளைந்தது.

எடுத்துப் பிடித்தேன். உள்ளே இருந்து யாரோ அவசரமாகக் கூப்பிடுவதுபோல ஓர் இழுவை. இன்னொருமுறை, இன்னும் பலமாக. துளைக்குள் ஒரு வாய் தெரிந்தது. அதில் பல் இருந்தது. மீனுக்குப் பல் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அது துண்டாகித்தான் வரும்.

“துவாரகா, பிடியும்!” என்று கத்தித் தூண்டிலை அவள் கையில் திணித்துவிட்டு மூன்று எட்டுப் பின்னால் பாய்ந்தேன்.

அவள் இழுத்தாள். இரண்டடி நீள ட்ரவுட் மீன் ஐஸில் விழுந்து துள்ளியது. பிரையன் கூடாரத்தால் வெளியே வந்தபோது தூண்டில் அவள் கையில், மீன் அவள் காலடியில், நான் தூரத்தில். அவர் கைதட்டினார். அவளைத் தோளில் தட்டினார். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டதாகவும், திங்கட்கிழமை கடிதம் தருவதாகவும் சொன்னார். என்னிடம், நீ நல்ல பையன், உனக்கு நல்ல ஒரு சிபாரிசு எழுதுகிறேன் என்றார். சிபாரிசில் என்னென்று எழுதுவார் என்று கேட்கவில்லை. பயமாக இருந்தது.

அவர் இருட்டும் வரை நிற்கப் போவதாகச் சொன்னதால் துவாரகாவை நான் கூட்டிக்கொண்டு வந்தேன். காரில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டியபோது அவள் கேட்டாள்:

“தூண்டிலை வேணுமெண்டுதானே தந்தனீர்?”

“இல்லை. பயத்தில.”

“பொய் சொல்லாதையும்.”

“சத்தியமா. அதுக்குப் பல்லு.”

“ஆரும் ஒரு மீனுக்குப் பயந்து வேலையை விடுவினமே?”

“நான் விட்டனான்.”

அவள் அழத் தொடங்கினாள். “எனக்கு இது வேண்டாம். திங்கக்கிழமை பிரையனிட்டப் போய், மீன் பட்டது உம்மட தூண்டில்ல எண்டு சொல்லப் போறன். சச்சி அங்கிளின்ர விசயத்தையும் சொல்லப் போறன்.”

“ஐயோ, சொல்லாதையும். ரெண்டு பேருக்கும் இல்லாமப் போகும்.”

“போகட்டும். பிச்சை எடுத்த வேலை எனக்கு வேண்டாம்.”

மீண்டும் பல்லைப் பற்றிச் சொன்னேன். வாய் எவ்வளவு அகலம் என்று ஸ்டியரிங்கை விட்டுக் கையால் காட்டினேன். நான் சொல்லச் சொல்ல அவளுக்கு என்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. வாழ்க்கையில் இவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் நான் சொன்னதில்லை. ஒரு சொல்லும் எடுபடவில்லை.

சிவப்பு விளக்கில் நிறுத்தினேன்.

“சரி. வேணுமெண்டுதான் தந்தனான். உம்மட அம்மா வரட்டும் எண்டு. காணுமோ?”

துவாரகா கையுறையால் மூக்கைத் துடைத்தாள்.

“அம்மாவுக்காகச் சொல்லாம இருக்கிறன்” என்றாள். “உதை முதலே ஒத்துக்கொண்டிருக்கலாமே.”