உடையப்பன் சரக்கு

வாய்க்கரிசி போடக் குனிந்த செவந்தியிடம்தான் பெரியண்ணன் அந்தப் பேச்சை எடுத்தார். செத்துக் கிடப்பவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி உடையப்பன், செவந்திக்கு அப்பா. முகத்தை மூடுகிறவரைக்கும்கூடப் பொறுக்கமாட்டாத மனுஷன்!

“ஆத்தா, கருமாதி முடிஞ்சதும் திருச்சியிலேர்ந்து பொட்டிய எடுத்தாந்துரு. படிச்சது போதும். தையில பொன்னமராவதி மாப்பிள்ளைக்கு முடிச்சுருவோம்.”

செவந்தியின் கையில் அரிசி அப்படியே நின்றது. பி.எஸ்ஸி. கடைசி வருஷம். பக்கத்தில் அம்மா சொர்ணம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புருஷன் போன வீட்டில் இனிப் பெரியவர் வைத்ததுதான் சட்டம்.

“அப்பா இருந்தா விட்டிருப்பாரா பெரியப்பா?”

“ஒன்னையப் படிக்கவச்சுத்தானே அவன் ஊர் சிரிக்க நின்னான்!”

அது பொய்யில்லை. அரிமளம் கடைவீதியில் உடையப்பன் உப்புக்கடை வைத்திருந்தார். போன லீவுக்கு வந்த மகள் அடுப்பில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, நெருப்பு மஞ்சளாக எரிவதைக் காட்டினாள். உப்புக்குள் இருக்கும் சோடியம் என்ற உலோகம்தான் அந்த நிறம் தருகிறது. எரிநட்சத்திரங்கள் எரிந்து தூளாவதால் மேகமெல்லாம் எட்டாத உயரத்திலும் அது மெல்லிய படலமாகத் தங்கியிருக்கிறது என்றாள். சொல்லியிருக்கவே கூடாது. மறுநாளே அவர் கடையில் உட்கார்ந்துகொண்டு, “வானத்துலயும் நம்ம சரக்குதான்யா!” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளக்க ஆரம்பித்தார். அதோடு விட்டாரா? மழை பெய்தால் நடுத்தெருவில் நாக்கை நீட்டி நின்று, “லேசாக் கரிக்குது” என்று சத்தியம் செய்தார். மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையப்பா என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே! டீக்கடை நல்லதம்பிக்கு அது போதுமே. “அண்ணே, சாம்பார்ல உப்புப் பத்தல, மேலேர்ந்து ரெண்டு கல்லு எறக்குங்க” என்பான். உடையப்பனும் சேர்ந்து சிரிப்பார். பெரியண்ணனுக்குத்தான் மானம் போயிற்று.

திருவனந்தபுரம் பக்கம் தும்பாவிலிருந்து வியாழக்கிழமை ராக்கெட் விடப்போகிறார்கள், அந்திநேரத்தில் அது உயரப் போய் சோடியத்தைப் புகையாகக் கக்கும் என்று காலேஜில் கேட்டுவந்து செவந்தி சொன்னாள். அன்றிலிருந்து, நோயில் விழுந்து படுத்த படுக்கையான பிறகும் அவருக்கு அதே நினைப்பு. “வியாழக்கெழம வரைக்கும் என்னைய இழுத்துப் புடிச்சுக்க ஆத்தா” என்றார். வியாழக்கிழமை வந்தது. விடிகாலையில் போய்விட்டார். பாழும் அரைநாள் பொறுத்திருக்கக் கூடாதா? செவந்திக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் பொங்கியது.

கீரனூர் அத்தை வந்த பஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. அவள் வந்து விழுந்து அழுது முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. “இருட்டுறதுக்குள்ள எடுங்கப்பா” என்று பெரியண்ணன் விரட்டினார்.

முச்சந்தியில் பாடையை இறக்கித் திசை மாற்றித் தூக்குவது வழக்கம். பெண்கள் அதுவரைதான் வரலாம். இறக்கி வைத்த நேரத்தில், சங்கு ஊதிக்கொண்டிருந்த மூக்கன் சட்டென்று நிறுத்திவிட்டான்.

தென்மேற்கே, கருக்கத் தொடங்கிய வானத்தில், செம்மஞ்சளாக ஒரு கீற்று ஏறிக்கொண்டிருந்தது. ஏற ஏற நெளிந்து, சிக்குப் பிடித்த நூலாகக் கோணல்மாணலாக விரிந்தது.

“அய்யய்யோ, துர்க்குறிடா!”

கூட்டம் சிதறியது. தூக்கி வந்தவர்களில் இரண்டு பேர் ஓடியே போனார்கள். “பொணத்தப் போட்டுட்டா ஓடுறீக?” என்று கத்திக்கொண்டே பெரியண்ணனும் ரெண்டடி பின்வாங்கினார்.

செவந்தி பெண்களை விலக்கிக்கொண்டு பாடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“ஓடாதீங்க! ஒண்ணும் செய்யாது. அதுதான் எங்கப்பா சொன்ன சரக்கு!”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. “ராக்கெட்டு கொண்டுபோய்க் கொட்டுனது. நமக்குத்தான் பொழுது அடைஞ்சிருச்சு, அம்புட்டு ஒசரத்துல இன்னும் வெயில் அடிக்குது. அது பட்டு மின்னுது. அங்க ஏற்கெனவே இருக்கறது நம்ம கண்ணுக்குத் தெரியாது, கூடக் கொட்டவும் தெரியுது. அந்தக் கோணலப் பாத்துத்தான் மேல காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு கண்டுபுடிப்பாக. மழை கரிக்குதுன்னது வேணா தப்பு. வானத்துல இருக்குன்னு எங்கப்பா சொன்னது நெசம்!”

நல்லதம்பி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

“உடையப்பண்ணே, செயிச்சுட்டீங்கண்ணே!”

ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அரிமளமே அண்ணாந்து நின்றது. கீற்று இப்போது அந்தப் பக்கத்து வானத்தில் அகலமாகப் பரவியிருக்க, தெருவில் நின்றவர்கள் எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

பெரியண்ணன் வெகுநேரம் கழித்துத்தான் தலையை இறக்கினார்.

“இதெல்லாம் அங்கதான் சொல்லித் தாராகளா?”

“ஆமா பெரியப்பா.”

“இன்னும் பாக்கி இருக்கோ?”

“நெறைய இருக்கு.”

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். “கருமாதி முடியவும் கெளம்பு. நானே வந்து பஸ் ஏத்திவிடுறேன். பொன்னமராவதிக்காரன் காத்துக்கெடக்கட்டும், இல்லாட்டிப் போகட்டும்.” பிறகு தூக்குகிறவர்கள் பக்கம் திரும்பி அதட்டினார். “ஏய், இப்பத் திருப்பாதீங்கடா. தலைமாட்ட ஒசத்திப் புடிங்க. எந்தம்பி பாக்கட்டும்.”

நாலு பேரும் பாடையைத் தூக்கித் தலைமாட்டை உயர்த்தினார்கள். மூக்கன் சங்கை வாயருகே கொண்டுபோனான். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து, நல்ல காரியத்துக்குப் போடுகிற குலவைச் சத்தம் எழுந்தது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குலவை போட்டது சொர்ணம்.